சேதமில்லாத பிரதி

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் கேம் அறையின் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலங்களை எல்லாம் மாற்றினேன். மதுரையில் பனி குறைந்துவிட்டது, ஆனாலும் வடக்குச் சுவரில் ஈரம் இருக்கிறது. பெட்டிகளின் ஓரத்தில் முதலில் ஈரம் ஏறும். பிறகு பூஞ்சை. அதற்குப் பிறகு அது வெறும் அட்டை. சுகுணா வாசலில் நின்று "இட்லி ஆறுது" என்றாள். அறைக்குள் வரவில்லை. கட்டிய மனைவியை உள்ளே வரக்கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவளாகத்தான் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

மதியம் பழைய வீடியோ கேம் குழுவில் ஒரு படம் வந்தது. டெனிஸ் என்று ஒருவர், தூத்துக்குடிக்காரர், டிவியில் படம் தெரியவில்லை, இதற்கு ஒயர் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். பழைய ஜப்பான் மெஷின். அதில் செருகியிருந்தது மஞ்சள் கேசட். அதற்குப் பின்னால், மேசை மேல், அதன் பெட்டி. மூலை மடங்காமல், நிறம் வெளுக்காமல்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஜப்பானை விட்டு வெளியே விற்காத கேம் அது. இந்தியாவில் ஒருவரிடம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பெட்டியோடு இருப்பது உலகத்திலேயே கொஞ்சம்.

ஒயருக்கு வழி சொல்லிப் பலர் எழுதியிருந்தார்கள். பெட்டியை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் அவருக்குத் தனியாக எழுதினேன்: "என்னிடம் ஒயர் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஒரு வேலையாகத் தூத்துக்குடி வருகிறேன். நானே மாட்டித் தருகிறேன்."

தூத்துக்குடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பிப்ரவரி 7, புதன்

ஒரு லாரி, ஒரு ஆட்டோ. இன்சூரன்ஸ் சர்வேயர் என்றால் விபத்தைப் பார்க்கப் போகிறவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் சேதத்தைத்தான் பார்க்கிறேன். ஆட்டோக்காரர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பம்பர் மாற்றினால் போதும் என்று எழுதினேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தூத்துக்குடி போய்வந்தேன். விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. டெனிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. தங்கையோடு இருக்கிறார். தங்கை பெயர் ஜெபா. அவளுக்கும் நாற்பதை ஒட்டி இருக்கும், ஆனால் பிறவியிலேயே மனவளர்ச்சி குறைந்தவள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கட்டைக் கூந்தல், பூப்போட்ட நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு. என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. "ஒயர் கொண்டாந்தீங்களா?" என்றாள்.

மாட்டினேன். படம் வந்தது. அவள் என்னைத் தள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேம் ரிமோட்டை எடுத்தாள். பக்கத்தில் இன்னொரு ரிமோட்டும் இருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது ஒருத்தர் விளையாடுற கேம்தானே?" என்றேன்.

"அம்மாட்ட அப்படிச் சொல்லல" என்றாள். சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரிகிறது.

டெனிஸ் விளக்கினார். அவர்களுடைய அப்பா கப்பலில் சமையல்காரர். ஏதோ ஒரு துறைமுகத்தில் இந்த மெஷினையும் கேசட்டையும் வாங்கி வந்திருக்கிறார். அதில் நான்கு பேர் ஒரு தேசம் முழுவதும் நடந்துபோக வேண்டும். அவர்களுக்கு நாம்தான் பெயர் வைக்க வேண்டும், நாலு ஆங்கில எழுத்துக்குள். ஜெபா, அம்மா, அப்பா, அண்ணா. எல்லாம் கணக்காக நாலு எழுத்து. அம்மா வேலை செய்யாத ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தானும் விளையாடுவதாக நினைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அப்பா முதலில் போனார். பிறகு அம்மா.

"இவ கல்லறைக்கு வந்தா. மண்ணு போட்டா. ஆனா அழல சார். வீட்டுக்கு வந்து இதப் போட்டா. அம்மா இதுலதான இருக்காங்கன்னுட்டா. அன்னைலருந்து தெனமும் சாயங்காலம் அம்மாவ நடக்கக் கூட்டிட்டுப் போறா."

திரையைப் பார்த்தேன். நான்கு சின்ன உருவங்கள் வரிசையாக நடந்தன. முதலில் ஜெபா, பின்னால் அம்மா. ஒரு கடைக்குப் போனார்கள். எதையும் வாங்கவில்லை. பாலத்தில் நின்றார்கள். பிறகு ஒரு சத்திரத்துக்குப் போய்ப் படுத்தார்கள். ஒரு சின்ன இசை வந்தது. ஜெபா சேவ் செய்துவிட்டு அணைத்தாள்.

"கடைசிக் கோட்டை மட்டும்தான் பாக்கி. அங்க போக மாட்டா. போனா கேம் முடிஞ்சிரும்ல" என்றார் டெனிஸ்.

பெட்டியைக் காட்டச் சொன்னேன். அம்மா அதைப் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்திருக்கிறார். கையேடு மடிப்புக் கலையாமல் இருந்தது. உத்தரவாத அட்டைகூட இருந்தது. என் இருபது வருஷ சேகரிப்பில் இப்படி ஒன்று இல்லை.

புறப்படும்போது ஜெபா கேட்டாள்: "ஒங்க வீட்ல நிறைய கேம் இருக்காமே. எதுல நல்லா வெளயாடுவீங்க?"

"நான் விளையாடுறதில்லம்மா. சேத்து வைக்கிறேன்."

"யாருக்கு?"

பதில் சொல்வதற்குள் டெனிஸ் அவளை உள்ளே போகச் சொன்னார்.

பிப்ரவரி 12, திங்கள்

மூட்டுவலி. பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்தது. கேசட்டின் உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சேவ் செய்ததை நினைவில் வைத்திருப்பது அதுதான். அவ்வளவு பழைய பேட்டரி எந்த நாளும் கசியலாம். கசிந்தால் போர்டு அரித்துவிடும். அந்த வீட்டில் கடல்காற்று வேறு. அதை அங்கே விட்டுவைப்பது எனக்குப் பொறுப்பில்லாத்தனமாகப் படுகிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

மீண்டும் தூத்துக்குடி. ஜெபாவுக்கு ஒரு கையடக்க மெஷின் வாங்கிப் போனேன். ஆயிரக்கணக்கான கேம் உள்ளேயே இருக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நன்றாகவே ஆடினாள், விரல் வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பிறகு அதை என் மடியில் வைத்தாள்.

"இதுல யாருமே இல்ல."

டெனிஸும் நானும் டீக்கடைக்கு நடந்தோம். மனிதர் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார். கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லம் இருக்கிறதாம். மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுக்கிறார்களாம், அவளைப் போன்றவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்களாம். கொண்டுபோய்ச் சேர்த்தால், வெயில் தாழ்ந்ததுமே வீட்டுக்குப் போக எழுந்துவிடுகிறாளாம். அம்மா காத்திருப்பார்கள் என்கிறாளாம். இவருக்கு வேறு ஊரில் பெரிய துறைமுகத்தில் வேலை வந்தது, போகவில்லை.

"எனக்கப்புறம் இவளுக்கு யாரு சார்? நாலு பேரோட பழகட்டும்னு பாக்கேன். இவ அந்த டிவிய விட்டு வர மாட்டேங்கா."

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன். "தப்பா நினைக்காதீங்க டெனிஸ். அம்மா செத்துட்டாங்கன்னு அவளுக்கு இன்னும் தெரியல. அந்த கேசட் இருக்குற வரைக்கும் தெரியவும் தெரியாது."

அவர் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

டெனிஸ் போன் செய்தார். நான் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறாராம். எனக்குத் தெரிந்த மனநல டாக்டர் ஒருவரிடம் கேட்டேன் என்றும், கேசட்டைக் கொஞ்ச காலம் கண்ணில் படாமல் வைப்பதுதான் மருந்து என்று அவர் சொன்னதாகவும் சொன்னேன்.

டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"வீட்ல ஒளிச்சு வெச்சா கண்டுபிடிச்சிருவா சார்" என்றார்.

"என்கிட்ட குடுங்க. என் வீட்டைவிடப் பத்திரமான இடம் அதுக்குக் கிடையாது." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

ஜெபா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பூசைக்குப் போயிருந்த நேரத்தில் போனேன். டெனிஸ் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து, கேசட்டை உள்ளே வைத்துத் துண்டில் சுற்றினார். நான் துண்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கொண்டுபோயிருந்த தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினேன். அவருக்குக் கண் கலங்கியது. "சார், இது அவளுக்கு நல்லதுக்குத்தான?" என்று இரண்டு தடவை கேட்டார். தோளில் தட்டினேன். எப்போது திருப்பித் தருவேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தெருமுனையில் மாதா கோயிலிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஜெபா கையில் ஒரு பன் வைத்துத் தின்றுகொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும், "சார் வந்துட்டுப் போறாங்க!" என்று பக்கத்துப் பெண்ணிடம் சந்தோஷமாகச் சொன்னாள். பையைத் தோளில் மாட்டியிருந்தேன். கையசைத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

லீவு போட்டேன். வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். முதலில் கேசட்டை மெஷினில் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறதா என்று உறுதி செய்ய. நான்கு பேரும் சத்திரத்தில் நின்றார்கள். சுகுணா காபியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"யாரு அம்மான்னு பேர் வெச்சது?"

"அந்த வீட்டுப் பொண்ணு."

"பாவம். நல்லாருக்கு."

அணைத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றினேன். போர்டு அருமையாக இருந்தது. பேட்டரி கசியவில்லை, ஆனால் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் வைத்து எடுத்துவிட்டேன். புதியது மாட்டவில்லை. புதிதாக ஈயம் வைத்தால் அசல் நிலை போய்விடும்.

பேட்டரியை எடுத்ததும் சேவ் அழிந்துவிடும். எடுக்கும் முன் அதைக் கணினியில் பிரதி எடுத்துவைக்கும் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. பரண் மேல் இருக்கிறது. ஏணி போட்டு ஏற வேண்டும். மூட்டுவலி.

பிப்ரவரி 28, புதன்

குழுவில் படம் போட்டேன். கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர், என்னை ஒருநாளும் மதிக்காதவர், "சேதமில்லாத பிரதி" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லைப் பலமுறை படித்தேன். டெனிஸ் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது பிறகுதான் நினைவு வந்தது. அவரும் ஒரு கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

மார்ச் 2, சனி

வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். சுகுணா சொன்னாள்: "தூத்துக்குடில இருந்து நாலு தடவை கூப்பிட்டாக. நீங்க குளிச்சிட்டு இருக்கீங்கன்னு சொன்னேன். நாலு தடவையும் அதையே சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

மார்ச் 4, திங்கள்

கடைசியில் பேசினேன். ஜெபா முதலில் பீரோவைத் தேடினாளாம். பிறகு கட்டிலுக்கு அடியில். பிறகு யாருக்கும் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்கே போய்விட்டாளாம். காவலாளி கூட்டி வந்தாராம். அங்கே போய் என்ன செய்தாள் என்று கேட்டேன். அம்மாவின் கல்லறையைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தாளாம், வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

"சோறு எறங்க மாட்டேங்கு. குளிக்க மாட்டேங்கா. அழக்கூட மாட்டேங்கா சார், அழுதாலாவது தேவல. திருப்பிக் குடுத்துருவோமே."

"இதுதான் டெனிஸ் கஷ்டமான கட்டம். டாக்டர் முன்னாடியே சொன்னாரு. இப்ப குடுத்தா எல்லாம் வீணாப் போயிடும்."

அவர் நம்பினார். டாக்டருக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

மார்ச் 10, ஞாயிறு

சொல்லாமல் வந்துவிட்டார்கள். வாசலில் அண்ணனும் தங்கையும். அவள் இளைத்திருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. "அம்மா இங்கதான் இருக்காங்கன்னு அண்ணன் சொல்லிட்டான்" என்றாள். அதற்குள் சுகுணா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிட்டாள்.

கேம் அறையைத் திறக்க வேண்டியதாயிற்று. ஜெபா நடுவில் நின்று நான்கு சுவரையும் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிகள், பிரிக்காத உறைகள், தேதியிட்ட ஒட்டுகள். பிரமித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கீங்க" என்றாள்.

மஞ்சள் கேசட்டை எடுத்து மெஷினில் போட்டேன். மறுத்தால் டெனிஸுக்குச் சந்தேகம் வரும். சேவ் இருக்க வேண்டிய மூன்று கட்டமும் காலியாக இருந்தன. ஜெபா ஒவ்வொரு கட்டமாகப் போய்ப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"அம்மா எங்க?"

டெனிஸ் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சட்டென்று சொன்னேன். "தூங்குறாங்கம்மா. பேர் சொல்லிக் கூப்பிடு, எந்திரிச்சு வருவாங்க."

அவள் முகம் மாறியது. புதிய ஆட்டம் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். அம்மா என்று வந்ததும் திரையைத் தொட்டாள். டெனிஸ் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நன்றாகச் சமாளித்தேன் என்றே தோன்றியது.

சாயங்காலம் வரை ஆடினாள். சுகுணா தரையில் அவளோடு உட்கார்ந்து இரண்டாவது ரிமோட்டைப் பிடித்திருந்தாள், ஈரக் கையோடு. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபா பழைய கிராமம், பழைய கடை, பழைய பாலம் வரை நாலு பேரையும் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு சத்திரத்தில் படுக்கவைத்து சேவ் செய்தாள். சேவ் ஆகிவிட்டதாகத் திரை காட்டியது. மின்சாரம் இருக்கும்வரை அது அப்படித்தான் காட்டும்.

டெனிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கேசட்ட எடுத்துட்டுப் போட்டுமா சார்?"

நான் பதில் யோசிப்பதற்குள் ஜெபாவே சொன்னாள். "வேணாம். அம்மா இப்பதான் படுத்திருக்காங்க. பஸ்ல ஆட்டாத. அடுத்த ஞாயித்துக்கெழம வாறேன். சார் பாத்துக்கிடுவாங்க." தூக்குவாளியைச் சுகுணாவிடம் கொடுத்தாள். உள்ளே புட்டு இருந்தது. அம்மாவுக்குப் பிடிக்குமாம்.

"பாத்துக்கிடுவீங்கள்ல?"

"பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் மெஷினை அணைத்துக் கேசட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். விரல் ரேகை துடைக்க நேரம் பிடித்தது.

மார்ச் 13, புதன்

சுகுணா கேட்டாள்: "அந்த பேட்டரிய நீங்கதான எடுத்தீங்க? அது இல்லாட்டி அந்தப் பொண்ணு வெளயாடுனது இருக்குமா, இருக்காதா?"

"அது கசிஞ்சு போர்டையே தின்னுருக்கும்."

"அதைக் கேக்கல நான்."

சாம்பாரில் உப்பு அதிகம்.

மார்ச் 17, ஞாயிறு

வந்தார்கள். புதுப் பேட்டரி மாட்டிவைக்கலாமா என்று வாரத்தில் ஒருநாள் யோசித்தேன். மாட்டினாலும் போனது வராது. அதனால் மாட்டவில்லை.

ஜெபா குளித்து, தலைவாரி, கனகாம்பரம் வைத்து வந்திருந்தாள். தானே கேசட்டைச் செருகினாள். மூன்று கட்டம். மூன்றும் காலி.

பேர் சொல்லிக் கூப்பிடு என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க பாத்துக்கல" என்றாள். பிறகு அண்ணனிடம், "அம்மா இவங்க வீட்ல செத்துட்டாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. விபத்து நடந்த இடங்களுக்கெல்லாம் போகிறவன் நான். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சுகுணா அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெபாவின் கண்ணீரும் மூக்குநீரும் சுகுணாவின் புடவை முழுக்க. நான் திறந்திருந்த கண்ணாடிக் கதவுகளைச் சாத்தினேன், யாராவது கை பட்டு எதையாவது தட்டிவிடக் கூடாதே என்று.

டெனிஸ் என்னைத் தனியே கூட்டிப்போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது நெசம் சார். அம்மா செத்தப்ப அழாதவ இப்ப அழுதா. குரூப்ல சொல்லுத மாதிரி பேட்டரி பழசாகிப் போயிருச்சு போல, எங்க வீட்ல இருந்தாலும் போயிருக்கும். ஒங்களாலதான் சார்..."

பேட்டரிகள் அப்படித்தான் என்றேன்.

கேசட்டைப் பற்றி நானே பேச்செடுத்தேன். "வெறும் கேசட் சார் அது இப்ப. நீங்களே வெச்சுக்கங்க" என்றார்.

மார்ச் 18, திங்கள்

சுகுணா திண்டுக்கல்லில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று எழுதிவைக்கவில்லை. ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறது.

மார்ச் 20, புதன்

டெனிஸ் போன். குரலில் கூச்சம். ஜெபா சாப்பிடுகிறாளாம், இல்லத்துக்கும் போகிறாளாம், மெழுகுவத்தி செய்கிறாளாம். ஆனால் ஒன்று கேட்கிறாளாம், விடாமல்.

"அம்மாவ அடக்கம் பண்ணணும்ங்கா சார். அந்த கேசட்ட. அம்மா கல்லறைக்குப் பக்கத்துல. செத்தவங்கள அலமாரில வெக்கக் கூடாதுன்னு சொல்லுதா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். ஈஸ்டர் முடியட்டும்னு இழுத்து வெச்சிருக்கேன்."

பெங்களூர்க்காரர் மே மாதம் நடத்தும் கண்காட்சியில் என் மஞ்சள் கேசட்டுக்குத் தனி மேடை தருவதாக நேற்றுத்தான் எழுதியிருந்தார்.

"அதுக்கென்ன, செஞ்சுடுவோம்" என்றேன். "பெட்டி மட்டும் இல்ல டெனிஸ். மழைத் தண்ணி இறங்கி ஊறிப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

மதுரையில் மழை பெய்து மாதக்கணக்காகிறது. தூத்துக்குடியிலும்தான்.

மார்ச் 22, வெள்ளி

நகல் கேசட் செய்யும் ஒருவர் டில்லியில் இருக்கிறார். படம் அனுப்பினேன். அதே மஞ்சள், அதே ஒட்டு. அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது என்கிறார். பக்கத்தில் வைக்கப்போவதில்லை.

ஏப்ரல் 3, புதன்

நகல் வந்தது. கொஞ்சம் புதிதாகத் தெரிந்தது. டீத்தூள் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். இப்போது சரியாக இருக்கிறது. சுகுணா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை பஸ்ஸில் தூத்துக்குடி. நல்ல வெயில். கல்லறைத் தோட்டத்தில் டெனிஸ், ஜெபா, நான், மூன்று பேர்தான். சாமியாரைக் கூப்பிடவில்லை, இதற்கெல்லாம் எப்படிக் கூப்பிடுவது என்றார் டெனிஸ். அம்மாவின் கல்லறை ஓரத்தில் அவரே மண்வெட்டியால் ஒரு குழி வெட்டிவைத்திருந்தார். ஜெபா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். கையில் அவளே செய்த மெழுகுவத்தி, ஒரு பக்கம் சாய்ந்தது.

கேசட்டை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அவள் கையில் கொடுத்தேன். துணியை விலக்கினாள். கேசட்டைத் திருப்பிப் பார்த்தாள். மோந்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது அம்மா இல்ல."

கடல்காற்றுக்கு அவள் சேலை பறந்தது. டெனிஸ் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

"அம்மாதான்ட்டி. போடு."

"இல்ல. இது வேற யாரோ." என்னைப் பார்த்தாள். "சார், எங்கம்மா எங்க?"

நான் டெனிஸைப் பார்த்தேன்.

"சார் இவ்வளவு தூரம் ஒனக்காக வந்திருக்காங்க. அவங்களப் போய்க் கேக்குத?" டெனிஸ் குழியைக் காட்டினார். "போடுட்டி."

"இது அம்மா இல்லண்ணே. நெசமா இல்ல. சார்ட்ட கேளு."

அடித்துவிட்டார். கன்னத்தில், பலமாக. மெழுகுவத்தி தெறித்து விழுந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். டெனிஸ் தன் கையைப் பார்த்தார். இதுவரை அவளை ஒரு அடி அடித்ததில்லையாம், பிறகு என்னிடம் சொன்னார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து விம்மினார்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன வார்த்தை என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சொல்லியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும்.

ஜெபா குனிந்து கேசட்டை மறுபடி துணியில் சுற்றினாள். குழந்தையைச் சுற்றுவது போல, ஓரத்தையெல்லாம் உள்ளே மடித்து. குழிக்குள் வைத்தாள். கையால் மண் தள்ளினாள். தலையிலிருந்த பூவை எடுத்து மேலே வைத்துவிட்டு, வாய்க்குள் செபம் சொன்னாள். முடிந்ததும் அண்ணனைத் தோளில் தொட்டு, "எந்திரி, சாருக்குப் பசிக்கும்" என்றாள்.

வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. டெனிஸ் திரும்பத் திரும்ப என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அவள் பேசியதற்கு. பெரிய மனசு உங்களுக்கு என்றார். பரவாயில்லை என்றேன். ஜெபாதான் பரிமாறினாள். ஒரு கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரோ பாவம் சார்" என்றாள். "அவங்க வீட்ல தேடுவாங்கள்ல?"

டெனிஸ் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.